அடைவழிக்கும் நிரலும் நம் மாணவரும்

நமது நாட்டுக் கல்லூரிகளிலே ஸி என்னும் நிரல்மொழியைப் பயிலத் தொடங்கும் மாணவர்க்கு முதலாண்டில் இடப்படும் பயிற்சிகள் யாவை என்று நோக்குவோமாயின், அவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தெடுத்தவையாக இருத்தலைக் காண்போம். ஓர் எண்ணின் தொடர்பெருக்கத்தைக் காண்க. பிபனாச்சித் தொடரை எழுதுக. ஹனாய்க் கோபுரத்தின் வட்டுக்களை ஒரு கம்பத்தினின்று மற்றொரு கம்பத்திற்கு மாற்றுக என்பனவே அவை. தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு, அஃதாவது தற்சுழற்சி, என்னும் அரிய கருத்தினை இம்மூன்றினாலேயே கற்பித்து முடித்துவிட்டதாக நாம் அமைதி கொள்ளுகிறோம். இது போதாதென்பதும், ஓர் அடைவையும் அதனுள் அடங்கிய அனைத்தையும் அடியோடு நீக்கும் நிரலை ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே எழுதிப் பிழை நீக்கிப் பார்த்தல் வேண்டுமென்பதும் என் துணிபு. இதனைக் கேட்டு நகைப்பாரும் உளர், அஞ்சுவாரும் உளர். அவ்விரு திறத்தார்க்கும் விடை கூறுதல் கருதியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

முதற்கண் பழைய பயிற்சிகளின் குறையைச் சிறிது பார்ப்போம். பிபனாச்சித் தொடரின் நாற்பதாம் உறுப்பினைத் தற்சுழற்சியாற் காண விழையும் மாணவன் எழுதும் செயற்கூறு, தன்னைத்தானே 33 கோடி முறைக்கு மேல் அழைத்துக்கொள்ளுகின்றது. அதனையே ஒரு சிறு மடக்கினால் நாற்பது அடிகளில் முடித்துவிடலாம். அறிவுடைய மாணவன் ஒருவன், “ஐயா, எளிய வழியிருக்க இந்த வீண்சுற்று எதற்கு?” என்று வினவுவானாயின் ஆசிரியர் யாது கூறுவார்? பரீக்ஷைக்கு வருமாதலின் படித்துக்கொள் என்பதன்றி வேறு விடை இல்லை. மேலும், அக்கணக்கிற் பிழை நேர்ந்தால் திரையில் ஒரு தவறான எண் தோன்றும், அவ்வளவே. அவ்வெண்ணால் ஒருவர்க்கும் ஒரு நட்டமும் இல்லை. நட்டமில்லாத பிழையை மாணவர் விரைவில் மறந்துவிடுவர்.

அடைவை அழிக்கும் வேலையோ அத்தன்மையதன்று. எத்தனை அடுக்கு ஆழம் உள்ளதென்று முன்னரே அறிய இயலாத ஒன்றினுள் இறங்கி ஏறவேண்டியிருத்தலின், அங்கே தற்சுழற்சி இயல்பாகவே தேவைப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணையுங்காறும், ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்னும் மூன்று தாலுக்காக்களை உடையதாயிருந்தது. அவற்றுட் குளத்தூர்த் தாலுக்கா கல்வெட்டுக்களாற் செல்வமுடையது. நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், மலையடிப்பட்டி ஆகிய யாவும் அப்பழைய தாலுக்காவின் எல்லைக்குள் அமைந்தவையே. இக்கல்வெட்டுக்களின் நிழற்படங்களை மாணவர் ஒருவர் கணிப்பொறியிற் சேமித்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ‘சமஸ்தானம்’ என்றோர் அடைவு. அதனுள் மூன்று தாலுக்காக்களின் பெயரால் மூன்று அடைவுகள். ‘குளத்தூர்’ என்பதனுள் ஊருக்கோர் அடைவு. ஒவ்வோர் ஊரினுள்ளும் படங்கள். இவை யாவற்றையும் வேறொரு வட்டில் படியெடுத்துக்கொண்டபின், பழைய ‘சமஸ்தானம்’ நீங்கவேண்டும்.

அடைவை நீக்குதற்கு இயங்குதளம் நமக்குத் தந்துள்ள அழைப்பு ஆர்எம்டிர் என்பது. அது வெறுமையான அடைவை மட்டுமே நீக்கும். உள்ளே ஒரு கோப்பேனும் இருப்பின், அடைவு வெறுமையன்று என்று கூறி மறுத்துவிடும். ஆதலின் ‘சமஸ்தானத்தை’ நீக்குமுன் ‘குளத்தூரை’ நீக்கவேண்டும். ‘குளத்தூரை’ நீக்குமுன் ‘நார்த்தாமலையை’ நீக்கவேண்டும். ‘நார்த்தாமலையை’ நீக்குமுன் அதனுட் கிடக்கும் படங்களை ஒவ்வொன்றாக அன்லிங்க் என்னும் அழைப்பினால் நீக்கவேண்டும். எந்நிலையிலும் செய்யும் வேலை ஒன்றே. இடம் மட்டுமே வேறு. இதனின் மேலான விளக்கம் தற்சுழற்சிக்கு உண்டோ?

குளத்தூர்ப் பக்கத்தார்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. பெயரிலேயே குளத்தையுடைய அவ்வூரும் அதனைச் சூழ்ந்த நாடும் ஏரி குளங்களை நம்பி வாழ்வன. மேற்குளம் நிறைந்தால் கலிங்கு வழியாக நீர் கீழ்க்குளத்தை அடையும். அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதை அடையும். இவ்வாறு தொடர்ந்து கிடக்கும் குளங்களைத் தூர்வாருதற்கு வெறுமையாக்க வேண்டுமாயின், மேற்குளத்தின் மதகை முதலில் திறப்பவன் அறிவிலி. கீழ்க்குளம் நிறைந்திருக்கையில் மேலிருந்தும் நீர் வந்து மோதினால் கரை உடையும். கடைசிக் குளத்தை முதலில் வடித்து, படிப்படியாக மேலேறி வருதலே முறை. அடைவழிக்கும் நிரலும் ஆழத்தில் உள்ளதை முதலில் முடித்துவிட்டே மேலே வருதல் வேண்டும். குடிமராமத்து அறிந்த உழவர் இந்நிரலின் ஒழுங்கைக் கேட்ட அளவிலேயே ஒப்புக்கொள்வர் என்று நம்புகிறேன்.

ஓபன்டிர் என்பதனால் அடைவைத் திறத்தல், ரீட்டிர் என்பதனால் உள்ளிருக்கும் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தல், பெயர் அடைவாயின் செயற்கூறு தன்னைத்தானே அழைத்தல், கோப்பாயின் அன்லிங்க் செய்தல், முடிவில் குளோஸ்டிர், பின்னர் ஆர்எம்டிர்: இவ்வளவே நிரல். முப்பது வரிகளில் அடங்கிவிடும். வகுப்பிற் கேட்கும்போது யாவர்க்கும் எளிதாகவே தோன்றும். எழுதி ஓட்டும்போதுதான் அதனுள் ஒளிந்து கிடக்கும் முட்கள் ஒவ்வொன்றாகத் தைக்கின்றன. அவற்றுட் சிலவற்றை விரித்துரைத்தல் வேண்டும், என்னை? என் வழக்கின் வன்மை முழுவதும் அவற்றின்மேலேயே நிற்கின்றது.

ஒவ்வோர் அடைவினுள்ளும் நாம் இடாத இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று ஒற்றைப் புள்ளி; அது அவ்வடைவையே குறிப்பது. மற்றொன்று இரட்டைப் புள்ளி. அது தாயடைவைக் குறிப்பது. இவற்றை விலக்காத நிரல், ஒற்றைப் புள்ளியைக் கண்டு தன்னுள்ளேயே மீண்டும் நுழையும். நுழைந்தவிடத்தும் அதே புள்ளியைக் கண்டு மீண்டும் நுழையும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் ஒரே காலத்தில் திறந்துவைக்கத்தக்க கோப்புகளின் வழக்கமான வரம்பு 1024 ஆதலின், ஏறத்தாழ ஆயிரம் முறை இறங்கியபின் இயங்குதளம் கைவிரித்துவிடும். அப்போது நிரல் நின்றுவிட்டால் நல்லூழ். பிழையைச் சோதியாது திரும்பிவரும்படி மாணவன் எழுதியிருப்பானாயின், ஓர் அடுக்கு மேலேறி, அடுத்த பெயராகிய இரட்டைப் புள்ளியை எடுத்துக்கொண்டு தாயடைவினுட் புகும். குளத்தூரை நீக்கச் சொன்னால், ஆலங்குடியையும் திருமயத்தையும் சேர்த்து நீக்கத் தொடங்கிவிடும் என்பதே இதன் பொருள்.

இதனை அறிந்த மாணவர் அப்பெயர்களை விலக்க முற்படுவர். அம்முயற்சியிலும் மூன்று வகையாக வழுக்கி விழுதலை ஆய்வுக்கூடத்திற் பன்முறை கண்டிருக்கிறேன். முதல்வகையார் இருபுறமும் சமக்குறியிட்டுப் பெயரை ஒப்பிடுவர். ஸி மொழியில் அக்குறி எழுத்துக்களை ஒப்பிடாது, அவ்வெழுத்துக்கள் நினைவகத்தில் இருக்கும் முகவரிகளையே ஒப்பிடும். அவை ஒருபோதும் ஒவ்வா. இரண்டாம் வகையார் ஸ்டிர்கம்ப் என்னும் செயற்கூற்றைக் கையாளுவர். ஆயின் பெயர்கள் ஒத்திருக்கும்போது அது சுழியைத் தருமென்பதை மறந்து, ‘அல்லது’ என்னும் இணைப்பால் இரு சோதனைகளையும் கட்டுவர். அதன் பயனாக எல்லாப் பெயர்களுமே விலக்கப்பட்டு, ஒன்றும் அழியாமல், அடைவு வெறுமையன்று என்னும் விடை மட்டும் வரும். மூன்றாம் வகையார் கெட்டிக்காரர். முதலெழுத்துப் புள்ளியாயின் விலக்கிவிடு என்று சுருக்கமாக எழுதுவர். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் பல உண்டென்பதை அவர் கருதுவதில்லை. அவை எஞ்சி நிற்க, அடைவு நீங்காது. கண்ணுக்கு வெறுமையாய்த் தோன்றும் அடைவு ஏன் நீங்கவில்லை என்று அவர் வியந்து நிற்பர். மூன்று பிழைகளும் ஒரே வரியில் நிகழ்வன. மூன்றும் மூன்று வெவ்வேறு பாடங்களைக் கற்பிப்பன. பிபனாச்சித் தொடர் இவற்றுள் ஒன்றையேனும் கற்பிக்குமோ?

பாதையைக் கட்டுதல் அடுத்த இடர். ரீட்டிர் தருவது வெறும் பெயரே. ‘நார்த்தாமலை’ என்று சொல்லுமேயன்றி ‘சமஸ்தானம், குளத்தூர், நார்த்தாமலை’ என்று முழுவழியையும் சொல்லாது. வெறும் பெயரை அன்லிங்கிடம் கொடுத்தால், நிரல் எவ்விடத்தினின்று ஓட்டப்பட்டதோ அவ்விடத்தில் அப்பெயருடைய கோப்பையே அது தேடும். இல்லையாயின் பிழைச்செய்தி வரும்; இருந்துவிட்டாலோ, வேண்டிய கோப்பு அழிந்து வேண்டாத கோப்பு நிற்கும்.

முழுப்பாதையைக் கட்டும்போது இடம் எவ்வளவு ஒதுக்குவது என்னும் வினா எழும். இங்கே தமிழ் மாணவர்க்குத் தனியானதோர் இடர் உண்டு. ஆங்கில நூல்கள் அதனைச் சொல்லமாட்டா. ‘குளத்தூர்’ என்பதில் நம் இலக்கணப்படி எழுத்துக்கள் ஐந்து. யூனிகோடு முறையிலோ உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்பட்டு ஒன்பது குறிகள் ஆகின்றன. அவை ஒவ்வொன்றும் யுடிஎப்-8 குறியேற்றத்தில் மூன்று பைட்டுக்களைக் கொள்ளுதலின், அவ்வூர்ப்பெயர் 27 பைட்டுக்களாகிறது. எழுத்தை விரல்விட்டு எண்ணி ஐந்தோடு ஒன்று கூட்டி இடம் ஒதுக்கிய மாணவனின் நிரல், தனக்குரியதல்லாத நினைவகத்திற் போய் எழுதும். தாய்ப்பாதையின் நீளத்தையும் பெயரின் நீளத்தையும் ஸ்டிர்லென் கொண்டு அளந்து, இடையே வரும் சாய்கோட்டிற்கு ஒன்றும், இறுதிச் சுழிக்கு ஒன்றுமாக இரண்டு கூட்டுதலே முறை. அவ்விறுதிச் சுழிக்கு இடம் விட மறத்தல் ஸி மொழியின் மிகப் பழைய பிணி.

தற்சுழற்சியின் உயிர்நிலையைக் காட்டும் பிழை இனி வருவது. பாதையை வைக்கும் வரிசையை ஸ்டாட்டிக் என்று அறிவித்துவிட்டால், அது எல்லா அழைப்புக்களுக்கும் பொதுவாகிவிடும். ‘குளத்தூரில்’ நிற்கும் அழைப்பு ‘நார்த்தாமலையை’ ஒரு புதிய அழைப்பிடம் ஒப்படைக்கின்றது. அவ்வழைப்பு அதே வரிசையில் தன் படங்களின் பெயர்களை ஒட்டி எழுதிவிட்டுத் திரும்புகிறது. திரும்பியபின் ‘குளத்தூர்’ தன் பாதையைப் பார்த்தால், அது தன்னுடையதாக இல்லை. ‘குடுமியான்மலையை’ அதனோடு ஒட்டும்போது, நார்த்தாமலைக்குள் குடுமியான்மலை என்று உலகில் இல்லாததோர் இடம் பிறக்கிறது. ஒவ்வோர் அழைப்பும் தனக்கெனத் தனி நினைவைக் கொண்டிருத்தலாலேயே தற்சுழற்சி நடைபெறுகின்றது என்னும் உண்மையை, இப்பிழையை ஒருமுறை துரத்திப் பிடித்தவர் எக்காலத்தும் மறவார். ஜிடிபி என்னும் பிழைகாண் கருவியில் அச்செயற்கூற்றின் வாயிலில் ஒரு நிறுத்தம் வைத்து, அழைப்புக்களின் அடுக்கைக் காட்டச் சொன்னால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அழைப்புக்கள் தத்தம் பாதையோடு திரையில் நிற்கும் காட்சியைக் காணலாம். கரும்பலகையில் எத்துணைப் படம் வரைந்தாலும் அதற்கு ஈடாகாது.

இவ்வளவு கூறியும் பெரும்பிழையை இன்னும் கூறினேனல்லேன். அது குறியீட்டு இணைப்பைப் பற்றியது. குறியீட்டு இணைப்பென்பது ஒரு பெயர்ப்பலகை போன்றது. தான் ஓரிடத்தில் நின்றுகொண்டு வேறோரிடத்தைச் சுட்டுவது. இதற்கும் நம் வட்டத்திலேயே உவமை கிடைக்கின்றது. வட்டத்தின் பெயர் குளத்தூர். வட்டாட்சியர் அலுவலகமோ கீரனூரில் உள்ளது. குளத்தூர் வட்டாட்சியரைக் காணவேண்டுமென்று புறப்படுபவர் கீரனூரிற் போய் இறங்குவர். இதில் தவறொன்றும் இல்லை. போக்குவரத்திற்கு இது நன்றே. ஆயின் பெயர்ப்பலகையை எடுத்துவிடு என்று ஏவப்பட்டவன், அது சுட்டும் இடத்திற்குச் சென்று அங்கிருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டால் எவ்வாறிருக்கும்?

ஸ்டாட் என்னும் அழைப்பைக் கொண்டு கோப்பின் வகையை ஆராயும் நிரல் செய்வது இதனையே. ஸ்டாட் பலகையைப் பாராது. பலகை சுட்டும் இடத்தையே பார்க்கும். நம் எடுத்துக்காட்டில் ‘குளத்தூர்’ அடைவினுள் ‘மூலப்படங்கள்’ என்னும் இணைப்பொன்று இருந்து, அது வேறொரு வட்டில் உள்ள மூலச் சேமிப்பைச் சுட்டுமாயின், நிரல் அதனை அடைவென்றே கருதி உள்ளே புகுந்து அங்குள்ள அனைத்தையும் அழிக்கும். அழித்து முடித்தபின் இணைப்பை ஆர்எம்டிர் செய்ய முயலும். இணைப்பு அடைவன்றாதலின் அவ்வழைப்பு மறுக்கப்படும். ஆகவே முடிவில் மூலப்படங்கள் யாவும் ஒழிந்திருக்கும். அவற்றைச் சுட்டிய பலகை மட்டும் பழுதின்றி நிற்கும். இதனைத் தடுக்க வேண்டுவது ஒரே ஓர் எழுத்தே: ஸ்டாட் என்பதற்கு மாற்றாக எல்ஸ்டாட். பலகையைப் பலகையாகவே காண்பது அது.

எல்ஸ்டாட்டும் முற்றுமுடிந்த காவலாகாது. அது பார்த்துச் சொன்ன நொடிக்கும் நிரல் உள்ளே புகும் நொடிக்கும் இடையே, வேறொருவன் அடைவை நீக்கி அவ்விடத்தில் ஓர் இணைப்பை வைத்துவிடக்கூடும். இது வெறுங்கற்பனையன்று. பாதுகாப்பிற்குப் பெயர்பெற்ற ரஸ்ட் மொழியின் நிலையான நூலகத்திலேயே, அடைவை அடியோடு நீக்கும் செயற்கூற்றில் இக்குறை இருந்தமை 2022ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வெளியிடப்பட்டுத் திருத்தப்பட்டது. வல்லுநர் பலர் கண்காணித்த நூலகத்திற்கே அந்நிலையாயின், முதலாண்டு மாணவர் நாணவேண்டுவதில்லை. திறந்த அடைவைக் கைவிடாது பற்றிக்கொண்டு, அதனையே அடிப்படையாக வைத்து ஓபன்அட், அன்லிங்க்அட் என்னும் அழைப்புக்களால் உள்ளிறங்குவதும், இறங்குங்கால் இணைப்பைப் பின்பற்றாதே என்று கட்டளையிடுவதும் இதற்கு மருந்து. அவற்றை இரண்டாம் பருவத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி மறுப்பாரைக் கவனிப்போம். ஆர்எம் என்னும் ஏவல் யூனிக்ஸில் ஆயத்தமாக இருக்கிறதே, என்எப்டிடபிள்யூ என்னும் நூலகச் செயற்கூறு மரம் முழுவதையும் நமக்காகச் சுற்றிவருமே, அங்ஙனமிருக்க மாணவன் ஏன் வருந்தவேண்டும் என்பார் ஒருசாரார். இவர்க்கு விடை எளிது. என்எப்டிடபிள்யூவை அழைக்கும்போது, ஆழத்தை முதலிற் காண்க என்றும், இணைப்புக்களைப் பின்பற்றற்க என்றும் இரண்டு கொடிகளை நாமே கொடுத்தல் வேண்டும். அவ்விரண்டும் எதற்கென்று அறியாதவன், ஏட்டிற் கண்டபடி படியெடுப்பான். ஒன்றை விட்டுவிட்டாலும் அவனுக்குத் தெரியாது. தன் நிரலில் அவ்விரு பிழைகளையும் பட்டறிந்தவனே அக்கொடிகளின் அருமையை உணர்வான். கருவி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கருவியைக் கையில் எடுக்குமுன் ஒருமுறை அதனைச் செய்து பார்க்கட்டும் என்றே சொல்லுகிறேன்.

இளைஞர் கையில் இத்தகைய வாளைக் கொடுத்தல் தகுமோ என்பார் மற்றொரு சாரார். இவர் அச்சத்தை நான் மதிக்கிறேன். 2015ஆம் ஆண்டு சனவரியில், ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் வடிவத்தில் இருந்த ஓர் ஏவல்வரி, தன் இருப்பிடத்தைக் குறிக்கும் மாறி வெறுமையாகிவிட்டபோது, பயனரின் கோப்புகள் அனைத்தையும் அழித்தொழித்தமை வெளிவந்தது. 2021ஆம் ஆண்டு திசம்பரில் ஜப்பான் நாட்டுக் கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் மீக்கணிப்பொறியில், பழைய பதிவுக்கோப்புகளை நீக்குதற்கென்று எழுதப்பட்ட ஏவல்தொடர் ஒன்று, தான் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி எழுதப்பட்டமையால் மாறிகளின் பொருளை இழந்து, ஆராய்ச்சியாளரின் கோப்புகள் 3 கோடியே 40 லட்சம் அளவில், 77 டெராபைட் கொள்ளளவை அழித்துவிட்டது. அவற்றுட் சில குழுவினரின் உழைப்பு மீட்க இயலாததாயிற்று.

ஆயின் ஒன்று கருதுக. இவ்விரு கேடுகளும் கற்றுக்குட்டிகளால் நேர்ந்தவையல்ல. தொழிலிற் பழகியவர்களின் கையாலேயே நேர்ந்தன. வாளைப் பிடிக்கக் கற்பிக்காமல் மறைத்து வைத்தாலும், பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற மறுநாளே அது அவர்கள் கைக்கு வந்து சேரும். அப்போது எதிரில் இருப்பவை பிறருடைய கோப்புகள். ஆய்வுக்கூடத்திலோ ஒரு பொய்ம்மரத்தை நட்டு வெட்டிப் பழகலாம். மாணவர்க்குச் சிறப்புரிமையில்லாத தனிக்கணக்குக் கொடுக்கலாம். கெட்டால் ஒருநொடியில் மீண்டும் ஆக்கத்தக்க மெய்ந்நிகர்ப் பொறியில் ஓட்டச் செய்யலாம். அழிக்கும் வரிகளை முதலில் அச்சிடும் வரிகளாக எழுதி, எவ்வெவை எவ்வொழுங்கில் அழியும் என்று திரையிற் படித்துப் பார்த்தபின்னரே உண்மை அழைப்பை இடவேண்டும் என்று விதிக்கலாம். எஸ்ட்ரேஸ் என்னும் கருவி, நிரல் இயங்குதளத்திடம் விடுக்கும் ஒவ்வோர் அழைப்பையும் வரிவரியாகக் காட்டும். தாம் எழுதியதாக எண்ணியதற்கும் மெய்யாக எழுதியதற்கும் உள்ள தொலைவை மாணவர் அங்கே காண்பர்.

நம் பக்கத்தார்க்கு இப்பயிற்சி பிறரினும் மிகுதியாக வேண்டுமென்று நான் வற்புறுத்துதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்கு மேலாக மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கிறது. அக்கல்லில் ஓரெழுத்தைச் சிதைக்கவேண்டுமாயினும் உளியும் சுத்தியலும் நெடுநேர உழைப்பும் வேண்டும். சமஸ்தானத்துக் கல்வெட்டுக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை 1929ஆம் ஆண்டில் நூலாக அச்சிடப்பட்டன. அப்படிகள் பல நூல்நிலையங்களிற் பரவிக் கிடத்தலின், ஒரு நூல்நிலையம் எரிந்தாலும் கல்வெட்டுக்களின் வாசகம் எஞ்சும். இன்றோ ஓலைச்சுவடியும் கல்வெட்டும் பழம்பத்திரமும் மின்படங்களாக மாறிவருகின்றன. ஊர்தோறும் அவ்வேலையிற் புகுகின்றவர்கள் நம் மாணவர்களே. அவர்கள் எடுத்த படம் பலவிடத்து ஒரே வட்டில் ஒரே படியாய்க் கிடக்கிறது. அவ்வட்டில் இடம் போதாதென்று பழையவற்றை ஒதுக்கும் நாள் ஒன்று வரும். அன்று நிரலை எழுதப்போகிறவரும் அவர்களுள் ஒருவரே. எல்ஸ்டாட் என்பதில் ஓரெழுத்து விடுபட்டால் என்ன நேரும் என்பதை அன்றைக்கு முன்பே அவர் அறிந்திருத்தல் நலமன்றோ?

இடையே ஒரு சொல். அழைப்பின் பெயர் ‘அழி’ என்றிராது ‘அன்லிங்க்’, அஃதாவது ‘தொடர்பறு’, என்றிருப்பது சிந்திக்கத்தக்கது. நாம் நீக்குவது அடைவில் எழுதப்பட்ட பெயரையே. ஒரே கோப்பிற்கு இரு பெயர்கள் இருப்பின் ஒன்றை நீக்கினாலும் கோப்பு நிற்கும்; இறுதிப் பெயரும் நீங்கி, அதனைத் திறந்து வைத்திருப்பாரும் இலராயின் மட்டுமே கோப்பு மறையும். இதனாலேயே, ஒரு கோப்பை நீக்குதற்கு அக்கோப்பின்மேல் எழுதும் உரிமை வேண்டுவதில்லை. அது இருக்கும் அடைவின்மேல் எழுதும் உரிமையே வேண்டும். படிப்பதற்கு மட்டும் என்று பூட்டி வைத்த கோப்பு ஏன் அழிந்தது என்று திகைக்கும் மாணவர் இவ்வொரு நுட்பத்தால் தெளிவடைவர். இயங்குதளப் பாடத்தில் ஒரு மாதம் உருப்போட்டும் விளங்காத இது, இந்நிரலில் ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிடும்.

இப்பயிற்சியைச் செய்முறைப் பரீக்ஷையில் எவ்வாறு வைப்பதென்று வினவுவார்க்கு ஒரு முறை கூறுவேன். ஒவ்வொரு மாணவர்க்கும் ஆயத்தமாக ஒரு மரம் கொடுக்கப்படுக. அதில் மறைகோப்பொன்றும், வெறும் அடைவொன்றும், தமிழ்ப்பெயரும் இடைவெளியும் உடைய கோப்பொன்றும், இருபது அடுக்கு ஆழமுள்ள கிளையொன்றும், எங்கும் சென்று சேராத முறிந்த இணைப்பொன்றும், தன் தாயடைவையே சுட்டும் இணைப்பொன்றும் இருத்தல் வேண்டும். மரத்திற்கு வெளியே, அதன் பக்கத்தில், ‘காவல்’ என்றோர் அடைவு வைக்கப்படுக. மரத்தினுள்ளிருந்து ஓர் இணைப்பு அதனைச் சுட்டுக. மூன்று மணி நேரம் போதும். மதிப்பெண் இடும் ஆசிரியர், மரம் அழிந்ததா என்பதை முதலிற் பாராது, காவல் அடைவு தொடப்படாமல் இருக்கிறதா என்பதையே முதலிற் பார்க்கவேண்டும். காவல் அழிந்திருப்பின் பிற மதிப்பெண்களை எண்ணுதற்கே இடமில்லை. காவல் பிழைத்து, மரத்தில் ஏதேனும் எஞ்சியிருப்பின், எஞ்சியதற்கேற்பச் சிறிது குறைத்துக்கொண்டு தேர்ச்சி கொடுக்கலாம். முற்றும் அழிக்காத நிரலை மறுநாள் திருத்திக்கொள்ளலாம். மிகையாக அழித்ததற்குத் திருத்தம் ஏது?

இம்மரத்தை ஆக்கித் தரும் நிரல் ஒன்றும் வேண்டுமன்றோ? அதனை மேல்வகுப்பு மாணவரே எழுதுக. எம்கேடிர், ஓபன், சிம்லிங்க் என்னும் மூன்று அழைப்புக்களே அதற்குப் போதும். ஐம்பது வரிகளுக்கு மேற்படாது.